கொச்சையும் பாஷையும்

தெரியாத பாஷையில் அச்சான ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, 'இது எந்த ஊர்ப் பாஷை?' என்று கேட்டால், நம்மில் பலர் எப்படியோ சமாளித்துவிடுவோம். எழுத்தின் தலைக்கு மேல் கோடு ஓடினால் வடநாடு. ஜிலேபி பிழிந்த மாதிரி உருண்டு திரண்டு இருந்தால் தெலுங்கு அல்லது கன்னடம். ஐரோப்பிய எழுத்தாக இருந்து, உயிரெழுத்துக்களின் தலையில் இரட்டைப் புள்ளி இருந்தால் ஜெர்மன் என்று ஓரளவு துணிந்து சொல்லிவிடலாம். இதற்கெல்லாம் அந்தப் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாது என்பதே நமக்கு ஓர் ஒத்தாசை. புதிய முகம் ஆகையால் நிதானமாகப் பார்க்கிறோம்.

கிரியோல் பாஷைகள் விஷயத்தில்தான் சங்கடம். அவை புதிய முகத்தோடு நம் முன்னால் வருவதில்லை. மொரீஷியஸ் தீவின் கிரியோலில் அச்சிட்ட ஒரு பக்கத்தைப் பிரெஞ்சு நன்றாகப் படித்த ஒருவரிடம் காட்டுங்கள். முதல் வரியிலேயே புருவத்தைச் சுளிப்பார். 'பிரெஞ்சுதான், ஆனால் எழுதத் தெரியாதவன் எவனோ எழுதியிருக்கிறான்' என்பார். பிரெஞ்சு வாசனையே இல்லாத இன்னொருவரிடம் அதே பக்கத்தைக் காட்டினால், 'இது என்ன பாஷை?' என்று கேட்பார். இரண்டாமவர் கேட்டதுதான் சரியான கேள்வி. முதலாமவருக்கு அவருடைய படிப்பே கண்ணில் திரையாக விழுந்துவிட்டது.

அந்தத் திரையை விலக்கிப் பார்ப்பதற்குச் சில அடையாளங்களை இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். இலக்கிய விமர்சனம் எழுதுகிற இடத்தில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். ஒரு நூலை எந்த அளவுகோலால் அளப்பது என்று தீர்மானிப்பதற்கு முன்னால், அது எந்த பாஷையில் எழுதப்பட்டது என்று தெரிய வேண்டாமா? பிரெஞ்சு அளவுகோலை வைத்துக்கொண்டு அளந்தால், கிரியோலில் எழுதிய மகா காவியமும் பிழை மலிந்த பள்ளிக்கூடக் கட்டுரையாகத்தான் தோன்றும். அப்படித் தோன்றியே எத்தனையோ காலம் கழிந்திருக்கிறது.

முதலில் இந்த பாஷை பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸில் ஆதிகுடிகள் என்று யாரும் கிடையாது. டச்சுக்காரர்கள் 1638ல் வந்து குடியேறினார்கள். 1710ல் கைவிட்டுப் போனார்கள். 1715ல் பிரெஞ்சுக்காரர்கள் தீவை எடுத்துக்கொண்டார்கள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அடிமைகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்தார்கள். பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனோடு பேசுவதற்கு அவனுடைய பாஷை இவனுக்குத் தெரியாது; இவனுடையது அவனுக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவாகக் காதில் விழுந்தது எஜமானின் பேச்சு ஒன்றுதான். அதையும் யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதட்டலாகவும் ஏவலாகவும் காதில் விழுந்த சொற்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு ஒரு பேச்சை உண்டாக்கினார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கு அதுவே தாய்மொழி ஆயிற்று. 1810ல் தீவு பிரிட்டிஷார் கைக்கு மாறியது, பேச்சு மாறவில்லை. 1835ல் அடிமைத்தனம் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்து இறங்கியவர்களும் இந்தப் பேச்சைத்தான் கற்றுக்கொண்டார்கள்.

இனி அடையாளங்கள். காதில் விழுவதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

மொரீஷியஸ்காரர் ஒருவர் 'லாரி' என்று சொன்னால், அது தெருவில் ஓடுகிற லாரி இல்லை, தெருவே அதுதான். பிரெஞ்சில் தெருவுக்கு 'ரூ' என்று பெயர். ஆனால் பிரெஞ்சில் பெயர்ச்சொல் தனியாக வெளியே புறப்படாது. வீட்டுக்கு முன்னால் திண்ணை மாதிரி 'ல', 'லா', 'லே' என்று ஏதாவது ஒரு சிறு சொல் முன்னால் இருக்கும். காதால் கேட்டே கற்றவர்களுக்குத் திண்ணை எது, வீடு எது என்று யார் பிரித்துக் காட்டினார்கள்? இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக வாங்கிக்கொண்டார்கள். தெரு 'லாரி' ஆயிற்று. தண்ணீர் 'திலோ' ஆயிற்று. அரிசி 'திரி' ஆயிற்று. வீடு 'லாகாஃஸ்' ஆயிற்று. (இந்தக் கடைசி ஒலி வண்டின் ரீங்காரம் போல அதிர்ந்து ஒலிக்கும் ஸகாரம். தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் ஆய்தத்தைத் துணைக்கு அழைத்திருக்கிறேன்.)

நம் இலக்கணத்தில் புணர்ச்சி என்று படிக்கிறோமே, அது பிரெஞ்சிலும் உண்டு. குழந்தைகள் என்று பன்மையில் சொல்லும்போது, முன்னால் நிற்கிற சிறு சொல்லின் ஈற்றிலிருந்து ஒரு 'ஃஸ்' கிளம்பி வந்து அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். கேட்டவர்கள் அந்த ஒட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். குழந்தை 'ஃஸான்ஃபான்' ஆயிற்று. பறவை 'ஃஸ்வாஃஸோ' ஆயிற்று. ஒரே ஒரு குழந்தையானாலும் அந்த 'ஃஸ்' போவதில்லை.

பிரெஞ்சு படித்தவர் இதைத்தான் பிழை என்பார். அவருக்கு ஒரு கேள்வி. 'என் வீடு' என்பதற்குக் கிரியோலில் 'மோ லாகாஃஸ்' என்கிறார்கள். 'அந்த வீடு' என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால் 'லாகாஃஸ் லா' என்கிறார்கள். முன்னால் இருக்கிற 'லா' பேச்சு மூச்சில்லாமல் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. பின்னால் வருகிற 'லா' உயிரோடு வேலை செய்கிறது. ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டுக்கும் வேலை வேறு என்று அங்கே ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. பிழையாகப் பேசுகிறவனுக்கு இந்த நிச்சயம் எங்கிருந்து வரும்?

இதைவிடப் பெரிய சாட்சி வினைச்சொல்லில் இருக்கிறது. 'மான்ஃஸே' என்றால் சாப்பிடுவது. 'மோ மான்ஃஸே' என்றால் நான் சாப்பிடுகிறேன். என்ன சாப்பிடுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வினையின் வால் போய்விடும்: 'மோ மான்ஃஸ் திரி', சோறு சாப்பிடுகிறேன். பேசுவதற்கு 'கோஃஸே', கிரியோல் பேசுகிறேன் என்றால் 'மோ கோஃஸ் கிரியோல்'. செயப்படுபொருள் பின்னால் வந்தால் வினை குறுகும், வராவிட்டால் நீண்டு நிற்கும். பிரெஞ்சில் இப்படி ஒரு விதியே கிடையாது. அதாவது எஜமானிடமிருந்து எடுத்துக்கொண்ட சரக்கை வைத்து, எஜமானுக்கே தெரியாத ஓர் இலக்கணத்தைக் கட்டியிருக்கிறார்கள். காலம் காட்டுவதற்கும் தனி ஏற்பாடு. 'மோ தி மான்ஃஸே' என்றால் சாப்பிட்டேன்; 'மோ பே மான்ஃஸே' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்; 'மோ ஃபின் மான்ஃஸே' என்றால் சாப்பிட்டாயிற்று. 'தி'யையும் 'பே'யையும் சேர்த்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வினை அசையாமல் நிற்க, முன்னால் உள்ள சிறு சொற்கள் காலத்தைச் சுமக்கின்றன.

ஒரு பேச்சில் தவறு இருப்பது வேறு, ஒழுங்கு இருப்பது வேறு. தவறு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒழுங்கு ஊர் முழுவதும் ஒன்றாக இருக்கும். கிரியோலை அடையாளம் காண்பது என்றால், நமக்குத் தெரிந்த சொல்லை அதில் தேடிப் பிடிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. அந்தச் சொல் அங்கே என்ன புதிய வேலை செய்கிறது என்று பார்ப்பதில்தான் அடையாளம் இருக்கிறது.

பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல்கள் பல தீவுகளில் இருக்கின்றன. ஹைட்டியில் ஒன்று, ஸெய்ஷெல்ஸில் ஒன்று, ரீயூனியனில் ஒன்று. ஒன்றைக் கேட்டு இன்னது என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியும். 'நான்' என்ற ஒரு சொல்லைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மொரீஷியஸில் 'மோ', ஸெய்ஷெல்ஸில் 'மோன்', ரீயூனியனில் 'மி', ஹைட்டியில் 'ம்வேன்'. ஆனால் ஒரே அடையாளத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அமெரிக்காவில் லூசியானாவின் கிரியோலிலும் 'மோ' உண்டு. அப்போது இரண்டாவது அடையாளத்தைக் கேட்க வேண்டும். பிரெஞ்சில் உள்ள மெல்லிய ஜகாரமும் ஷகாரமும் அட்லாண்டிக் பக்கத்துக் கிரியோல்களில் அப்படியே நிற்கின்றன. மொரீஷியஸில் அவை 'ஃஸ', 'ஸ' என்று மாறிவிடுகின்றன. ஹைட்டிக்காரர் 'மான்ஜே' என்பதை மொரீஷியஸ்காரர் 'மான்ஃஸே' என்பார். அங்கே பூனை 'ஷாத்', இங்கே 'ஸாத்'. உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்வது போன்ற பிரெஞ்சு ஒலி ஒன்று உண்டு. 'ரூ' என்று மேலே நான் எழுதியதில் இருப்பது அதுதான். அது இரண்டு தீவிலுமே குவிப்பை விட்டுவிட்டு வெறும் 'இ' ஆகிவிட்டது. அதனால்தான் தெரு 'லாரி' ஆயிற்று.

காது விஷயம் இவ்வளவு. கண்ணுக்கு வருவோம். ஒலி தானாக அமைந்தது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானித்ததில்லை. ஸ்பெல்லிங் அப்படி இல்லை. அதை யாரோ உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். ஆகையால் ஒரு கிரியோலின் ஸ்பெல்லிங்கைப் பார்த்தால், எழுதியவர் அந்த பாஷையைப் பற்றி என்ன அபிப்பிராயம் வைத்திருந்தார் என்பதும் தெரிந்துவிடும்.

சார்ல் பேஸாக் என்பவர் 1880ல் மொரீஷியஸ் கிரியோலைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். 1888ல் தீவின் நாடோடிக் கதைகளையும் விடுகதைகளையும் தொகுத்து வெளியிட்டார். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் முதல் நூலின் தலைப்பிலேயே 'பாத்வா' என்ற சொல் இருக்கிறது. கொச்சை என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அதுதான். எழுதிய முறையும் பிரெஞ்சு மரபை ஒட்டியது. இந்த முறையில் ஒவ்வொரு கிரியோல் சொல்லும் தன்னுடைய பிரெஞ்சுப் பாட்டனாரின் படத்துக்கு மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு நடக்கும். படிக்கிறவருக்குப் பாட்டனார்தான் தெரிவாரே தவிரப் பேரன் தெரியமாட்டான்.

மற்றொரு முறை, ஒலிக்கிறபடி எழுதுவது. மொரீஷியஸில் 1960களின் இறுதியிலிருந்து இதற்கான முயற்சிகள் நடந்தன; ஆளுக்கு ஒரு முறை, குழுவுக்கு ஒரு முறை. 1987ல் பேக்கர், ஹூக்கூம்ஸிங் என்ற இருவர் தயாரித்த அகராதி வந்தது. 2004ல் பல முறைகளையும் இணக்கப்படுத்தி ஒரு திட்டம் வந்தது. அதன் பெயர் 'கிராஃபி லார்மோனி', அதாவது இணக்க எழுத்து. இந்தப் பெயரையே பாருங்கள். இணக்கத்துக்குப் பிரெஞ்சில் உள்ள சொல்லின் முதலில் 'ஹெச்' என்ற எழுத்து இருக்கிறது, எழுதுவார்கள், உச்சரிப்பதில்லை. கிரியோலில் உச்சரிக்காததை எழுதுவானேன் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். முன்னால் நின்ற சிறு சொல்லை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். பாஷையின் குணம் முழுவதும் அந்த ஒரே சொல்லில் வந்துவிட்டது. அரசாங்க அங்கீகாரம் பெற்ற ஸ்பெல்லிங் 2011ல் வந்தது. 2012ல் பள்ளிக்கூடங்களில் கிரியோல் விருப்பப் பாடமாக நுழைந்தது.

இந்தச் சண்டை ஹைட்டியில் இன்னும் காரமாக நடந்திருக்கிறது. 1940களில் மக்கானல் என்ற பாதிரியாரும், லாபாக் என்ற அமெரிக்க எழுத்தறிவுப் பிரசாரகரும் ஹைட்டிக் கிரியோலுக்கு ஒலியை ஒட்டிய ஸ்பெல்லிங் ஒன்றை அமைத்தார்கள். அதில் 'கே', 'டபிள்யூ', 'ஒய்' என்ற எழுத்துக்கள் அதிகமாகப் புழங்கின. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. 'இவை ஆங்கிலேய எழுத்துக்கள், அமெரிக்காக்காரன் பின்வாசல் வழியாக நுழைகிறான்' என்றார்கள். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியை ஆக்கிரமித்திருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், இந்தப் பயத்தைப் பரிகசிக்கத் தோன்றாது. ஆனாலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'கே' என்ற எழுத்து அமெரிக்காவின் அடையாளம் என்றால், அதற்குப் பதிலாக வரவிருந்த 'சீ'யும் 'க்யூ'வும் யாருடைய அடையாளம்? அடிமைத்தனத்தின் ஞாபகத்தைச் சுமக்கிற பிரெஞ்சு எழுத்துக்கள் தங்களுடையவை என்று தோன்றும்படி பழக்கம் செய்துவிட்டது. அங்கே 1979ல் ஒலிமுறை ஸ்பெல்லிங் ஒன்று அதிகாரபூர்வமாக நிலைபெற்றது. 1987ல் அரசியல் சட்டம் கிரியோலைப் பிரெஞ்சோடு சமமான ஆட்சிமொழி என்று ஏற்றது. ஃபிராங்கெத்தியேன் தம் 'தெஃஸாஃபி' என்ற நாவலைக் கிரியோலில் வெளியிட்டது 1975ல். எழுத்தாளன் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கடலோரத்தில் இதைவிட விசித்திரமான காட்சி. கரீபியன் கடலில் அரூபா, கியூராசோ என்று அக்கம் பக்கத்தில் இரண்டு தீவுகள். இரண்டிலும் பேசுவது ஒரே கிரியோல். போர்த்துகீசியம், ஸ்பானியம், டச்சு எல்லாம் கலந்தது. அரூபாவில் அதன் பெயரைப் 'பாப்பியமெந்தோ' என்று எழுதுவார்கள். கியூராசோவில் 'பாப்பியமெந்து'. வீட்டுக்கு 'காஸ்' என்று இரண்டு தீவும் சொல்லும். அரூபாக்காரர் அதை ஸ்பானிய வழக்கப்படி 'சீ' போட்டு எழுதுவார், கியூராசோக்காரர் ஒலிப்படி 'கே' போட்டு எழுதுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே பாஷை. கண்ணைத் திறந்தால் எந்தத் தீவு என்று முதல் எழுத்திலேயே சொல்லிவிடலாம்.

ஒலிமுறையை எதிர்க்கிறவர்களிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. மொரீஷியஸ் குழந்தை பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும் படித்தாக வேண்டும். ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதப் பழகினால் இரண்டும் கெட்டுப் போகாதா என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். வீட்டில் கிரியோல் பேசுகிறவர்களுக்கே அச்சில் அதைப் பார்த்தால் அந்நியமாக இருக்கிறது. எழுத்து என்றால் பிரெஞ்சு எழுத்து என்று கண் பழகிவிட்டது. இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த வாதத்தை முழுவதும் ஒப்புக்கொண்டால், கிரியோல் என்றைக்கும் பிரெஞ்சின் நிழலில்தான் நிற்க வேண்டும். எந்தப் புதிய எழுத்தும் முதலில் கண்ணை உறுத்தத்தான் செய்யும். நல்ல நூல்கள் வந்து, நாலு பேர் ஆசையோடு படித்தால்தான் உறுத்தல் நீங்கும்.

அப்படி ஆசையோடு படிக்கத் தகுந்த ஒரு நூலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வெறும் இலக்கணப் பாடமாகிவிடும். தேவ் வீராசாமி என்று ஒருவர்; 1942ல் பிறந்து 2023ல் மறைந்தவர். அவர் தம் பெயரை எழுதுகிற ஸ்பெல்லிங்கைப் பார்த்தால் உடனே பிடிபடாது. நடுவில் ஒரு 'ஹெச்', அதற்கப்புறம் ஒரு 'டபிள்யூ' என்று கப்பல் குமாஸ்தா கைக்கு வந்தபடி போட்டு வைத்தது போல இருக்கும். வாய்விட்டுப் படித்தால்தான் நம் பக்கத்துப் பெயர் என்று தெரியும். அரசியலில் இறங்கி, 1970களின் தொடக்கத்தில் சிறைக்கும் போனவர். பாஷையியல் படித்தவர். வாழ்நாள் முழுவதும் கிரியோலில் நாடகமும் கவிதையும் எழுதினார். அவர் 1991ல் வெளியிட்ட நாடகம் 'தூஃபான்'. ஷேக்ஸ்பியர் தம் கடைசிக் காலத்தில் எழுதிய புயல் நாடகத்தைக் கிரியோலில் மறுபடி ஆக்கியது.

தலைப்பிலேயே நாம் இதுவரை பேசிய விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் தலைப்புக்கு நேரான பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. அதைக் கிரியோல்படுத்தி வைத்திருக்கலாம். வீராசாமி வைக்கவில்லை. இந்தியத் தொழிலாளர்கள் கொண்டு வந்த வடநாட்டுச் சொல்லை எடுத்தார். தூஃபான் என்று வடக்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியதே, அதே சொல். கடைசியில் நகரத்தை இரட்டித்து எழுதினார். மொரீஷியஸ் எழுத்தில் ஈற்றில் ஒற்றை 'என்' இருந்தால் மூக்கால் ஒலிக்க வேண்டும்; இரட்டை 'என்' இருந்தால் நாக்கால் நகரத்தைச் சொல்ல வேண்டும். ஆக, பிரெஞ்சு அல்லாத ஒரு சொல்லுக்கு, பிரெஞ்சு அல்லாத ஒரு ஸ்பெல்லிங். பிரெஞ்சு பண்டிதர் இந்த அட்டையைப் பார்த்து, 'பிழையான பிரெஞ்சு' என்று சொல்ல வாயைத் திறக்கவே முடியாது.

கதையிலும் துணிச்சல்கள் உண்டு. ஷேக்ஸ்பியரின் மற்ற நாடகங்களிலிருந்து லியர் மன்னனும் இயாகோவும் பொலோனியஸும் இதற்குள் வந்துவிடுகிறார்கள். பிராஸ்பெரோவின் மகளுக்கு இங்கே கார்டேலியா என்று பெயர். பிராஸ்பெரோவின் மந்திரம் யந்திரமாகிவிட்டது. ஏரியல் ஒரு யந்திர மனிதன். ஷேக்ஸ்பியரில் பாதி மிருகமாக வருகிற காலிபான், இங்கே கலப்பு ரத்தத்தில் பிறந்த புத்திசாலி இளைஞன். கார்டேலியா தேர்ந்தெடுப்பது அவனைத்தான்.

இந்த மாறுதல்கள் யாருக்கும் எளிதில் கண்ணில் படும். அவற்றைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றுவது, நாடகத்தின் கதையிலே சொல்லப்படாத ஒரு மாறுதல். மூல நாடகத்தில் காலிபானுக்கு பாஷை கற்றுக்கொடுத்தவர்கள் பிராஸ்பெரோவும் அவன் மகளும். கற்றுக்கொண்டதால் தனக்குக் கிடைத்த லாபம், சபிக்கத் தெரிந்ததுதான் என்று காலிபான் குமுறுவான். பாஷை எஜமானுடைய சொத்து. அடிமை கடன் வாங்கிப் பேசுகிறான். 'தூஃபா'னில் திரை விலகிய கணத்திலேயே இந்த உறவு அறுந்துவிடுகிறது. ஏனென்றால் மேடையில் எல்லோரும் பேசுவது கிரியோல். அடிமைகள் உண்டாக்கிய பாஷையில் அரசன் ஆணையிடுகிறான். அதே பாஷையில்தான் பிராஸ்பெரோ கோபிக்கிறான். காலிபானுக்கு யாரும் பாஷை கற்பிக்க வேண்டியதில்லை. அவனுடைய பாஷையைத்தான் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொல்லிக் காட்ட ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை. எந்த பாஷையில் எழுதுவது என்ற தீர்மானமே நாடகத்தின் கருத்தாக நிற்கிறது.

குறை சொல்ல வேண்டுமானால் ஒன்று சொல்லலாம். பல நாடகங்களின் பாத்திரங்கள் ஒன்றாகக் கூடிவிடுவதால், ஷேக்ஸ்பியரை அறிந்தவருக்குக் கிடைக்கிற ரசனை அறியாதவருக்குப் பாதிதான் கிடைக்கும். எந்த மக்களின் பாஷையில் எழுதினாரோ, அவர்களில் பலர் அறியாத நூல்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாடகம் எதிர்பார்க்கிறது. ஆனால் முதல் தலைமுறை எழுத்தாளனுக்கு இது தவிர்க்க முடியாத நெருக்கடி. தன் பாஷையால் பெரிய காரியம் ஆகும் என்று அவன் ஊரார் முன்னால் நிரூபித்தாக வேண்டியிருக்கிறது. பெரியவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவரின் தோளில் ஏறி நின்று காட்டுகிறான்.

மொரீஷியஸ் என்று வந்த பிறகு நம்மவர் பேச்சை எடுக்காமல் முடிக்க மனம் வரவில்லை. அங்கே தமிழ் வம்சத்தவர் கணிசமாக இருக்கிறார்கள். கோயில் உண்டு, தைப்பூசக் காவடிக்கு அரசாங்க விடுமுறை உண்டு. பணநோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998ல் வெளியான நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தியை வைத்தார்கள் என்று பெரிய எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆனால் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலும் அடுக்களையிலும் கூடத்திலும் கேட்கிற பேச்சு கிரியோல்தான்.

அந்த அடுக்களைக் கிரியோலைக் காது கொடுத்துக் கேளுங்கள். கொத்தமல்லிக்கு 'கொதொமிலி'. கறிவேப்பிலைக்கு 'காரிபூலே'. முருங்கைக் கீரைக்கு 'ப்ரேத் முரூம்'. பீர்க்கங்காய்க்கு 'பிப்பாங்காய்'. தமிழ் வம்சத்தவர் மட்டும் என்றில்லை. தீவில் சமைக்கிற எல்லோருக்குமே இவை இப்படித்தான். இந்தக் கடைசிச் சொல்லைப் பழைய முறையில் எழுதும்போது, 'காய்' என்பதில் ககரத்துக்குப் பிறகு 'ஏ, ஐ, எல், எல், ஈ' என்று ஐந்து எழுத்துக்கள் போடுவார்கள். 'ஆய்' என்ற ஒலிக்குப் பிரெஞ்சு வழக்கம் அது. அச்சில் பார்த்தால் பிரெஞ்சு நாட்டுப் பதார்த்தம் ஏதோ போலிருக்கும். ஒலிமுறையில் அதே ஒலிக்கு 'ஏ, ஒய்' என்ற இரண்டே எழுத்துக்கள் போதும். படித்தவுடன் காய் காயாகத் தெரியும். ஸ்பெல்லிங்கில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பீர்க்கங்காயைத்தான் நான் காட்டுவேன். பிரெஞ்சு உடுப்பைக் கழற்றிய பிறகுதான் உள்ளே இருந்த தமிழ்ச் சொல் வெளியே வந்தது.

நோட்டில் இருக்கிற தமிழுக்காகத் தெருவில் இறங்கினார்கள்; இறங்கியது நியாயம்தான். ஆனால் நோட்டில் இருப்பது எழுத்து. வாயில் இருப்பது கிரியோலுக்குள் கரைந்துபோன ஒலி. இந்த இரண்டில் எது உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், நான் கொதொமிலியின் பக்கம்தான் கையைத் தூக்குவேன். அது யாருடைய பாதுகாப்பிலும் இல்லை. நாளைக்கும் சந்தையில் அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள்.

எந்த நாட்டு எழுத்தானாலும், தெரிந்த பாஷை ஒன்று கோணல் மாணலாக எழுதப்பட்டது போல ஒரு பக்கம் கண்ணில் பட்டால், அவசரப்பட்டுச் சிவப்பு மையை எடுக்க வேண்டாம். அதே 'பிழை' அடுத்த வரியில் அதே இடத்தில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவது பக்கத்திலும் வந்தால் அது இலக்கணம். அப்புறம் வாய்விட்டு ஒரு தரம் படியுங்கள். முதலில் பிரெஞ்சோ வேறு ஏதோ கேட்கும். கொஞ்சம் பொறுத்தால், அதைப் பேசுகிற மனிதரின் குரல் கேட்கத் தொடங்கும். புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.